துப்பாக்கி தொடாத சிப்பாயும் பாடாத மூன்று பிள்ளைகளும்

மெல் கிப்ஸன் இயக்கி 2016-ல் வெளிவந்த ‘ஹேக்ஸா ரிட்ஜ்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு டெஸ்மண்ட் டாஸ் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் என்ற ஊரில், 1919-ல் பிறந்தவர். அப்பா தச்சு வேலை செய்பவர். குடும்பம் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபையாருக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள். வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி அஸ்தமனம் வரை வேலை செய்ய மாட்டார்கள். கொலை கூடாது என்ற கட்டளையை டாஸ் சிறு வயதிலேயே அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. டாஸ் அப்போது கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போருக்குத் தேவையான வேலை என்று சொல்லி ராணுவத்துக்குப் போகாமல் தப்பித்திருக்கலாம். அவர் அதைக் கேட்கவில்லை. 1942 ஏப்ரலில் சேர்ந்தார். சீருடை போடுவேன், கொடிக்கு வணக்கம் செலுத்துவேன், குண்டு மழையில் ஓடிப்போய் அடிபட்டவர்களைத் தூக்கி வருவேன், ஆனால் துப்பாக்கியை மட்டும் கையால் தொட மாட்டேன் என்றார். தன்னை ‘மனசாட்சியின் பேரில் மறுப்பவன்’ என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ‘மனசாட்சியோடு ஒத்துழைப்பவன்’ என்று திருத்துவார்.

பாரக்ஸில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரவில் கட்டிலருகே முழங்காலிட்டு ஜெபம் செய்யும்போது பூட்ஸ் பறந்து வரும். மனநிலை சரியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடவும் அதிகாரிகள் முயன்றார்கள். சண்டையில் பக்கத்தில் நிற்பவன் கையில் துப்பாக்கி இல்லையென்றால் நம் உயிருக்கு யார் பொறுப்பு என்று மற்ற சிப்பாய்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஆயுதம் ஏந்தாத பணியைக் கேட்டு வாங்கும் உரிமையை அமெரிக்காவின் 1940-ம் ஆண்டு ஆள்சேர்ப்புச் சட்டமே கொடுத்திருந்தது. அதனால் டாஸ் மருத்துவ உதவியாளராக ராணுவத்திலேயே நீடித்தார்.

பிறகு 1945 மே மாதம், ஜப்பானின் ஓகினாவா தீவு. செங்குத்தான ஒரு முகட்டின் மேல் அவருடைய படைப்பிரிவு சிக்கிக்கொண்டது. நடக்க முடிந்தவர்கள் இறங்கிவிட, அடிபட்டவர்கள் மேலேயே கிடந்தார்கள். டாஸும் இறங்கவில்லை. ஒவ்வொருவராக இழுத்து வந்து, கயிற்றில் கட்டி, முகட்டிலிருந்து கீழே இறக்கினார். எத்தனை பேர்? நூறு பேர் இருக்கும் என்றது ராணுவம். ஐம்பதுக்கு மேல் இருக்க வாய்ப்பே இல்லை என்றார் டாஸ். கடைசியில் இரண்டுக்கும் நடுவே 75 என்று எழுதினார்கள். விருதுப் பத்திரத்தில் இன்றும் அந்த எண்தான் இருக்கிறது. 1945 அக்டோபர் 12 அன்று ஜனாதிபதி ட்ரூமன் அவருக்கு ‘மெடல் ஆஃப் ஆனர்’ அணிவித்தார். ஆயுதம் ஏந்த மறுத்த ஒருவர் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

இந்தக் கதையைச் சொல்லி, ‘பார்த்தீர்களா, மத நம்பிக்கைக்கு வழிவிட்டால் நல்லதே நடக்கும்’ என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

கருவறை வாசலில் நின்ற லெப்டினன்ட்

நம் ராணுவத்துக்கு வருவோம். 2017-ல் லெப்டினன்டாகச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ அதிகாரி, குதிரைப்படை மரபில் வந்த டாங்கிப் படைப்பிரிவு ஒன்றில் பணியாற்றினார். அவர் பொறுப்பில் இருந்தவர்கள் சீக்கிய வீரர்கள். அந்தப் படைப்பிரிவில் ஒரு கோயிலும் ஒரு குருத்வாராவும் இருந்தன. வாராவாரம் நடக்கும் வழிபாட்டு அணிவகுப்புக்கு அவரும் வீரர்களோடு போவார், செருப்பைக் கழற்றுவார், முற்றத்தில் அவர்களோடு நிற்பார். பூஜையும் ஆரத்தியும் நடக்கும் உட்பகுதிக்குள் மட்டும் வர மாட்டேன், அது என் நம்பிக்கைக்கு விரோதம் என்றார். மேலதிகாரிகள் பேசிப் பார்த்தார்கள், பாதிரியாரை வைத்தும் பேசிப் பார்த்தார்கள். அவர் மாறவில்லை. 2021-ல் ஓய்வூதியம், பணிக்கொடை எதுவும் இல்லாமல் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. இது மத சுதந்திரம் பற்றிய வழக்கே அல்ல, மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளைக்குக் கீழ்ப்படிந்தாரா என்பதுதான் கேள்வி என்று 2025 மே மாதம் நீதிபதிகள் சொன்னார்கள். மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டு நவம்பரில் தள்ளுபடி செய்தது. தன் வீரர்களின் நம்பிக்கையை மதிக்காத அதிகாரி ராணுவத்துக்குப் பொருந்தாதவர் என்பதே அந்த அமர்வின் கருத்து.

சட்டப்படி பார்த்தால் ராணுவத்தின் பக்கம் வலு இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு எல்லோருக்கும் மத சுதந்திரம் தருகிறது. ஆனால் 33-வது பிரிவு, படைகளில் இருப்பவர்களுக்கு அடிப்படை உரிமைகளைச் சுருக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்குத் தருகிறது. போர்க்களத்தில் தலைவன் முன்னால் நின்று முழங்கும் கோஷத்தில்தான் வீரனுக்குத் துணிச்சல் வருகிறது, அதில் சாமி பெயரும் கலந்திருக்கிறது என்பது பல தலைமுறைப் பழக்கம். அதிகாரி ஒதுங்கி நின்றால் ‘நம்மாள் இல்லை’ என்று வீரன் நினைப்பான் என்பது ராணுவத்தின் பயம்.

இருந்தாலும் எனக்கு அந்தத் தீர்ப்பு உறுத்துகிறது. நம் தெருக்களில் இப்படிப்பட்டவர்களை நாம் பார்த்ததில்லையா? கோயில் பிரசாதத்தைக் கொடுத்தால் மரியாதையாக மறுத்துவிடும் பக்கத்து வீட்டுக்காரர், நம் வீட்டுக் கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அவரை ‘ஒட்டாதவர்’ என்று நாம் சொல்வதில்லை. முற்றம்வரை வந்த ஒருவரை ஐந்தடி உள்ளே வரவில்லை என்பதற்காக ஓய்வூதியம்கூட இல்லாமல் அனுப்ப வேண்டுமா? டாஸின் ராணுவம் அவர் கைக்கு ஏற்ற வேலையைத் தேடிக் கொடுத்தது. இவருக்கும் ஒரு வழி இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

தலைப்பாகை, தாடி விஷயத்திலும் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி. இரண்டு உலகப் போர்களிலும் சீக்கிய வீரர்கள் இரும்புத் தொப்பிக்குப் பதில் தலைப்பாகையோடு போரிட்டார்கள், ஒழுங்கு ஒன்றும் குலைந்துவிடவில்லை. நம் மோட்டார் வாகனச் சட்டமும் தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு ஹெல்மெட்டிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. ஆனால் இந்திய விமானப் படையில் முஸ்லிம் வீரர் ஒருவர் தாடி வைக்க அனுமதி கேட்ட வழக்கில், முடி வெட்டுவதையோ சவரம் செய்வதையோ அவருடைய மதம் தடை செய்வதாக நிரூபிக்கப்படவில்லை என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அமெரிக்காவில் யூத மத குருவும் உளவியலாளருமான விமானப் படை அதிகாரி, சீருடையோடு தலையில் சிறு குல்லா அணியக் கேட்டு 1986-ல் ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் தோற்றார். அடுத்த ஆண்டே அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தை மாற்றிக் குல்லாவை அனுமதித்துவிட்டது!

இந்த வழக்குகளையெல்லாம் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. ஒருவருடைய நம்பிக்கை எவ்வளவு உண்மையானது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அந்த நம்பிக்கைக்கான விலையைக் கொடுப்பது யார்? அவரேவா, அடுத்தவரா?

டாஸ் விஷயத்தில் விலை கொடுத்தது டாஸ்தான். போரில் காலெல்லாம் குண்டுச் சிதறல், உடைந்த கை. பிறகு காசநோய் வந்து ஒரு நுரையீரலையே எடுத்தார்கள்.

பாடாத பிள்ளைகள்

கேரளத்தில் கோட்டயம் மாவட்டம், கிடங்ஙூர். 1985 ஜூலை. பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு படித்த ஓர் அண்ணனும் இரண்டு தங்கைகளும் ‘யெகோவாவின் சாட்சிகள்’ என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கடவுளைத் தவிர வேறு எதற்கும் துதி பாடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. காலை அசெம்பிளியில் தேசிய கீதம் பாடும்போது எழுந்து மரியாதையாக நிற்பார்கள், வாயை மட்டும் திறக்க மாட்டார்கள். அதே பள்ளியில் முன்பு படித்த அக்காக்களும் அப்படித்தான் நின்றார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைப் பார்த்தார். விஷயம் சட்டமன்றம் போனது. விசாரணைக் குழு வந்தது. இந்தப் பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்று குழு அறிக்கை கொடுத்தது. அப்படியும், கல்வித் துறை அதிகாரியின் உத்தரவில் ஜூலை 26 அன்று தலைமை ஆசிரியை மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்.

அப்பா கோர்ட்டுக்குப் போனார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு சுற்றிலும் தோல்வி. ‘ஜன கண மன’வில் எந்த மதத்தையும் புண்படுத்தும் ஒரு சொல்கூட இல்லையே, பிறகு பாடுவதில் என்ன கஷ்டம் என்பது அங்கே கேட்கப்பட்ட கேள்வி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நம்மில் பலரும் இதைத்தான் கேட்டிருப்போம்.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, அது தப்பான கேள்வி என்றார். பாட்டு நல்ல பாட்டா என்று நீதிபதி பார்க்க வேண்டியதில்லை. இவர்கள் அப்படி உண்மையாகவே நம்புகிறார்களா, அந்த நம்பிக்கையால் பொது ஒழுங்குக்கோ மற்றவர்களுக்கோ பங்கம் வருகிறதா என்று பார்த்தால் போதும். தேசிய கீதத்தைப் பாடியே தீர வேண்டும் என்று நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. மற்றவர் பாடுவதைத் தடுத்தாலோ, பாடும் கூட்டத்தில் குழப்பம் செய்தாலோதான் 1971-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிள்ளைகள் இரண்டையும் செய்யவில்லை. 1986 ஆகஸ்ட் 11 அன்று, மூவரையும் மீண்டும் பள்ளியில் சேர்த்துக்கொள்ள உத்தரவு வந்தது. ‘பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு’ என்ற அந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இதே பிரச்னை நமக்கு 45 வருடம் முன்பே அமெரிக்காவில் வந்து, ஒரு பெரிய தவறு நடந்து, திருத்தப்பட்டிருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு சின்னச் சுரங்க ஊரில் 12 வயது அக்காவும் 10 வயது தம்பியும் பள்ளியில் கொடி வணக்கம் செய்ய மறுத்தார்கள். அவர்களும் யெகோவாவின் சாட்சிகள்தான். 1940 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளி செய்தது சரி என்றது. தீர்ப்பு வந்த சில நாட்களில், ‘நீதிமன்றமே சொல்லிவிட்டது, இவர்கள் தேசத்துரோகிகள்’ என்று பல ஊர்களில் கும்பல்கள் கிளம்பின. மெய்ன் மாநிலத்தில் அவர்களுடைய ஜெபக்கூடம் ஒன்று எரிக்கப்பட்டது.

அன்றைய அமெரிக்கக் கொடி வணக்கம் எப்படி இருந்தது தெரியுமா? வலது கையை நேராக முன்னே நீட்ட வேண்டும். ஜெர்மனியில் ஹிட்லருக்குப் போட்ட வணக்கம் மாதிரியே இருக்கும்! 1942 டிசம்பரில்தான் அதை மாற்றிக் கையை நெஞ்சில் வைக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த ஆண்டு, 1943 ஜூன் 14 அன்று, உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. முந்தைய தீர்ப்பில் கையெழுத்திட்ட மூன்று நீதிபதிகள் மனம் மாறியிருந்தார்கள். நாடு போரில் இருந்தபோது, தேசபக்தி கொதித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

இந்தப் பிள்ளைகள் பாடாததால் யாருக்காவது ஒரு பைசா நஷ்டம் உண்டா? எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

பர்ஸில் ஒரு அட்டை

மருத்துவமனைக்குள் போனால் இந்தக் கேள்வி கூர்மையாகிவிடுகிறது. யெகோவாவின் சாட்சிகள் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். ரத்தத்தை விலக்கச் சொல்லும் பைபிள் வசனங்களை அவர்கள் அப்படிப் புரிந்துகொள்கிறார்கள்.

1979-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சாலை விபத்து. கார் லாரியோடு மோதியதில் கணவர் இறந்துவிட்டார். 57 வயது மனைவியை நினைவில்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் கைப்பையைத் திறந்து பார்த்தபோது ஒரு அட்டை இருந்தது. தான் யெகோவாவின் சாட்சி, எந்த நிலையிலும் ரத்தம் ஏற்றக் கூடாது என்று பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தேதி இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை.

டாக்டர் அந்த அட்டையைப் பார்த்தார். பார்த்தும், ரத்தம் ஏற்றினார். மகள் ஓடி வந்து நிறுத்தச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். உடம்பு தேறியதும் டாக்டர் மேல் வழக்குப் போட்டார்!

‘உயிரைக் காப்பாற்றியவர் மேலேயே கேஸா?’ என்று நமக்குக் கோபம் வரும். ஆனால் நீதிமன்றம் அந்த அம்மாள் பக்கம் நின்றது. சிகிச்சை திறமையாக நடந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகு அவர் உடம்பில் கை வைப்பது அத்துமீறல்தான் என்று சொல்லி, 20,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 1990-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த டாக்டரின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் ரத்தம் ஏற்றியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். தீர்ப்பு சரி என்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒரே மனதில் இருப்பது சங்கடம்தான், என்ன செய்ய?

இந்தப் பிடிவாதத்தால் மருத்துவத்துக்கு ஒரு லாபமும் கிடைத்தது. ஹூஸ்டன் நகரின் பிரபல இதய அறுவை மருத்துவர் டென்டன் கூலி, 1960-களிலேயே இவர்களுக்கு ரத்தம் ஏற்றாமல் இதய அறுவை சிகிச்சை செய்யத் துணிந்தார். ரத்தம் ஏற்றாமல் இவர்களுக்குச் செய்த 542 இதய, ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைகளின் விவரத்தை 1977-ல் அவர் குழு வெளியிட்டது. சிந்தும் ரத்தத்தைக் குறைக்கும் அந்த வழிமுறைகள் இன்று எந்த மதத்தவருக்கும் பயன்படுகின்றன.

ஆனால் படுக்கையில் இருப்பது குழந்தை என்றால்? அங்கே பல நாட்டு நீதிமன்றங்கள் கோட்டை அழுத்தமாகப் போட்டுவிட்டன. பெற்றோர் தங்கள் நம்பிக்கைக்காகத் தங்கள் உயிரைக் கொடுக்கலாம், பிள்ளையின் உயிரைக் கொடுக்க முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-ல், சிறுமி ஒருத்தியைத் தெருவில் மதப் பத்திரிகை விற்க வைத்த வழக்கில் சொன்ன இந்தக் கருத்தை, பின்னாளில் ரத்தம் ஏற்றும் வழக்குகளில் நீதிபதிகள் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை, எல்லாம் தெரிந்தே ‘வேண்டாம்’ என்றால் என்ன செய்வது என்பதுதான் இன்னும் தொண்டையில் சிக்கிய முள். இயன் மெக்கிவனின் ‘தி சில்ட்ரன் ஆக்ட்’ நாவல் முழுக்க அந்த முள்ளைப் பற்றியதுதான்.

சவிதா

கடைசியாக ஒரு பெயர். சவிதா ஹலப்பனவர். கர்நாடகத்திலிருந்து அயர்லாந்துக்குப் போன பல் மருத்துவர், வயது 31. 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பிணியாக, முதுகுவலியோடு கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். கரு தங்காது என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் கலைத்துவிடுங்கள் என்று சவிதாவும் கணவரும் கேட்டார்கள். கருவின் இதயம் துடிக்கும்வரை முடியாது என்று பதில் வந்தது. தாய்க்கும் கருவுக்கும் வாழும் உரிமை சமம் என்று 1983-ல் அயர்லாந்து அரசியல் சாசனத்தில் சேர்த்த திருத்தம் அப்போது நடைமுறையில் இருந்தது. இது கத்தோலிக்க நாடு என்று அவர்களிடம் சொன்னதைச் செவிலி ஒருவர் பின்னர் விசாரணையில் ஒப்புக்கொண்டார். சவிதா கத்தோலிக்கர் இல்லை.

ரத்தத்தில் கிருமி பரவி அக்டோபர் 28 அன்று அவர் இறந்தார். தொற்றைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்ற தவறும் இருந்தது, விசாரணைகள் அதையும் சொல்லின. எல்லாப் பழியையும் மதத்தின் மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் அந்தச் சில நாட்கள் டாக்டர்களைக் காத்திருக்க வைத்தது, அந்தப் பெண்ணுடையதல்லாத ஒரு நம்பிக்கையிலிருந்து பிறந்த சட்டம். கனடாவில் அந்த அம்மாள் தன் நம்பிக்கைக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்தார். கால்வேயில் வேறு யாருடைய நம்பிக்கைக்கோ சவிதா விலை கொடுத்தார்.

2018 மே 25 அன்று அயர்லாந்து மக்கள் வாக்களித்து அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள். ஆதரவு 66.4 சதவிகிதம். அந்த நாட்களில் டப்ளின் தெருச் சுவர் ஒன்றில் சவிதாவின் முகத்தைப் பெரிதாக வரைந்திருந்தார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள் அந்தச் சுவரில் சிறு சிறு காகிதங்களை எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். அவற்றில் பல, சவிதாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதப்பட்டவை.